முதல் பிரசவத்தில் பிரஷர், இப்போது மறுபடி கர்ப்பம்: திரும்ப வருமா?

தேனிப்பெண்:
எனக்கு 36 வயது. முதல் தடவை 31ஆம் வாரத்தில் பிரஷர் 170/110 வந்தது, யூரினில் உப்பு மூன்று பிளஸ். உடனே சிசேரியன் செய்தார்கள். பாப்பா 1.2 கிலோதான், 38 நாள் இன்குபேட்டரில் இருந்தாள். இப்போது யுகேஜி போகிறாள். எனக்கு மறுபடி 10 வாரம். மாமியார் இப்போதே என் சாப்பாட்டில் உப்பைப் பாதியாக்கிவிட்டார். திரும்பவும் வருமா? யாருக்குச் சிக்கலாகும் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

பழைய செவிலி:
தங்கச்சி, பிரசவ வார்டில் 29 வருடம் இருந்தவள் நான். முதலில் அந்த உப்பு. 'உப்பு போகிறது' என்று நாங்கள் வாய்ப்பழக்கத்தில் சொல்வது சமையல் உப்பை அல்ல. அல்புமின் என்ற புரதத்தை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் டெஸ்ட் டியூபில் சிறுநீரை எடுத்து ஸ்பிரிட் விளக்கில் காட்டுவோம். புரதம் இருந்தால் முட்டை வெள்ளைக்கரு வேகிற மாதிரி மேல்பக்கம் வெள்ளையாகத் திரண்டு வரும். சாப்பாட்டில் உப்பைக் குறைத்து இந்தக் கர்ப்பகால பிரஷர் நோயை, அதாவது ப்ரீஎக்லாம்ப்சியாவை, தடுக்க முடியாது. மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். 34 வாரத்துக்கு முன்பே வந்திருந்தால் இன்னும் அதிகம். ஏற்கெனவே பிரஷர், சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் (எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய்) உள்ளவர்களும் இரட்டைக் கரு சுமப்பவர்களும் இதே வரிசை. தலைப்பிரசவம், 35 தாண்டிய வயது, உடல் பருமன், அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்திருப்பது எல்லாம் அடுத்தபடி. அவற்றில் இரண்டு சேர்ந்தாலே கவனிக்க வேண்டும்.

வருவது வேறு, வந்து சிக்கலாவது வேறு. சீக்கிரம் தொடங்கினால் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து கூடும். நஞ்சுக்கொடிக்கு ரத்தம் சரியாகப் போகாமல் பிள்ளை எடை ஏறாது. முன்கூட்டியே எடுக்க நேர்ந்தால் நுரையீரல் முதிர்ந்திருக்காது. தாய்க்கு 160/110 எட்டிவிட்டால் மூளையில் ரத்தக்கசிவு பயம். ரத்தம் உறைய உதவும் தட்டணு ஒரு லட்சத்துக்குக் கீழே இறங்கி ஈரலும் பாதித்தால் வார்டே பரபரப்பாகிவிடும். விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி வந்தால் கேஸ் என்று ஓமத்தண்ணீர் குடித்துவிட்டு விடியட்டும் என்று இருக்காதீர்கள். அப்படி இருந்துவிட்டு வந்த ஒரு பெண்ணின் முகம் இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

12 வாரம் ஆனதும், 16க்கு முன்பே, ஈகோஸ்பிரின் (குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை) பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 2017இல் வெளியான பெரிய ஆய்வில், ஆபத்து அதிகமுள்ளவர்கள் தினம் இரவு 150 மி.கி. எடுத்ததில் 37 வாரத்துக்கு முன் வருவது சுமார் 60 சதவீதம் குறைந்தது. நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

நிலாவின் அம்மா:
பிரசவம் ஆனால் பிரஷர் போய்விடும் என்று நம்பியவள் நான். வீட்டுக்கு அனுப்பும்போது பிரஷர் பார்க்கவே இல்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் பின்மண்டை வலி, பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே வலிப்பு. அம்மா ஜன்னி என்று அலறியது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் ஊசி போட்டார்கள், உடம்பெல்லாம் தீயாக எரிந்தது. ஒரு சிஸ்டர் வந்து வந்து முழங்காலில் சுத்தியலால் தட்டிக்கொண்டே இருந்தார். ஏன் என்று இன்றுவரை தெரியாது.

பழைய செவிலி:
அது மக்னீசியம் சல்பேட், மகளே. வலிப்பைத் தடுப்பதில் அதை மிஞ்சிய மருந்து கிடையாது. அளவு மீறினால் முதலில் முழங்கால் துடிப்பு நிற்கும், அதற்கும் மேலே போனால் மூச்சு நிற்கும். அதனால்தான் அந்தச் சிஸ்டர் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பிரசவத்துக்குப் பிறகு மூன்றிலிருந்து ஆறு நாளுக்குள் பிரஷர் உச்சத்துக்குப் போகும். தேனிப்பெண், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்: வீட்டுக்குப் போன பிறகும் பார்க்க வேண்டும்.

தேனிப்பெண்:
அக்கா, வியாழக்கிழமை செக்கப் இருக்கிறது, எல்லாவற்றையும் நோட்டில் எழுதிவிட்டேன். உப்பு விஷயத்தை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லாமல் ரசத்தில் உப்புப் போட்டார். வீட்டுக்கு பிரஷர் மெஷின் வாங்கலாமா? என் மேல்கை 35 செ.மீ.

பழைய செவிலி:
வாங்குங்கள், மேல்கையில் மாட்டுகிற வகை. கூட வருகிற பட்டை எத்தனை செ.மீ. வரைக்கும் என்று பெட்டியிலேயே போட்டிருக்கும், உங்கள் 35 அதற்குள் அடங்குகிறதா பாருங்கள். இல்லையென்றால் பெரிய பட்டையாகக் கேளுங்கள். சின்னது மாட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.