மஞ்சள் பூ பூத்ததெல்லாம் கரிசலாங்கண்ணி இல்லை

உச்சிப்புளி வீட்டுக்காக 3 வருடம் முன்பு ஒரு நர்சரியில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லிக் கொடுத்த செடியை வாங்கி வந்தேன், கீரையாகவும் சமைக்கலாம் என்றார்கள். ஒரே மழைக்காலத்தில் கிணற்றடி முழுக்கப் பாய் விரித்த மாதிரி படர்ந்துவிட்டது. ஊரிலிருந்து வந்த அப்பத்தா ஓர் இலையைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, "இது நம்ம செடி இல்லடா, இலை மூணாப் பிரிஞ்சிருக்கு பாரு" என்ற பிறகுதான் நானும் குனிந்து பார்த்தேன். பளபளவென்ற தடித்த இலை, இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி. நம்முடையதற்கு இலை ஒடுங்கி நீளமாக, பிரிவே இல்லாமல், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். நான் வளர்த்தது ஸ்ஃபேக்னெட்டிகோலா ட்ரைலோபேட்டா, அமெரிக்க வெப்பமண்டலத்துச் சரக்கு, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவிகள் பட்டியலில் இருப்பது. பிடுங்கிப் பிடுங்கி இடுப்பு விட்டுப்போச்சு. ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் வேர் விடுகிறது. (வெள்ளைப் பூ கரிசலாங்கண்ணியில் இந்தக் குழப்பமே வராது, கசக்கினால் கை கறுத்துவிடும்.)

இதற்குப் பதிலாக ஒரு தம்பி எழுதியது: எனக்கு நடந்தது இதற்கு நேர்மாறு அண்ணே. தனுஷ்கோடியில் மணல்மேட்டில் கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர் பிடித்து, தரையோடு ஒட்டிய இலைக்கொத்துகளுக்கு நடுவில் மஞ்சள் பூ. வெட்டுக்காயப் பூண்டு மாதிரி ஏதோ வெளிநாட்டுக் களை என்று நினைத்து இலையைக் கிள்ளினால் பால் வடிந்தது. வெட்டுக்காயப் பூண்டில் பால் வராதே என்று பூவைப் பிய்த்துப் பார்த்தேன். வெட்டுக்காயப் பூண்டில் நடுவே குழல் பூக்களும் ஓரத்தில் இதழ் மாதிரிப் பூக்களும் இருக்கும், இதில் நடுவிலிருந்து ஓரம் வரை எல்லாமே பட்டை பட்டையான நாக்குப் பூக்கள். எழுத்தாணிப் பூண்டு! கடற்கரை மணலுக்கென்றே இருக்கிற நம் ஊர்ச் செடி, அதைப் போய்க் களை என்று பிடுங்கப் பார்த்தேன்.

மண்டபம் பக்கம் ஒரு தாழம்புதரை ஒட்டி நெஞ்சு உயரத்துக்கு ஏறிப் படர்ந்த செடி ஒன்று பார்த்தேன். எதிரெதிர் இலை, ஓரத்தில் பல், அடியிலிருந்தே 3 நரம்பு. வொல்லஸ்டோனியா பைஃப்ளோரா என்று சந்தேகம். அதுவும் மஞ்சள் பூ பூக்கிற நம் கடலோரத்துச் செடிதான். ஆனால் பூவைப் பார்க்காமல் சத்தியம் பண்ண மாட்டேன். அடுத்த மாதம் திரும்பப் போகிறேன், அதுவரை ஆடு விட்டுவைத்திருந்தால் படம் போடுகிறேன்.