புது வண்டியில் சின்னச் சத்தம்: "ஓட ஓட சரியாயிடும்" என்றால் விட்டுவிடாதீர்கள்

பெங்களூரில் அல்சூரிலிருந்து வொயிட்ஃபீல்டுக்கு தினமும் ஓட்டுகிற கார். வாங்கிய புதிதிலேயே இடது முன்கதவுப் பக்கம் 'டக் டக்' என்று ஒரு சத்தம். நல்ல ரோட்டில் வராது. ஹம்ப்பில் இறங்கும்போதும், குண்டும் குழியுமான இடத்தில் மெதுவாகப் போகும்போதும் மட்டும் கேட்கும். சர்வீஸ் அட்வைசர் ஒரு ரவுண்டு போய்வந்து, "புது வண்டி சார், ஓட ஓட சரியாயிடும்" என்றார். கழன்ற கிளிப் எப்படித் தானாகப் போய் மாட்டிக்கொள்ளும்?

அடுத்த தடவை மெக்கானிக்கையே பக்கத்தில் உட்காரவைத்து அதே மாதிரி ரோட்டில் ஓட்டிக் காட்டினேன். அவர் கதவு ட்ரிம்மை, அதாவது கதவின் உள்பக்க மூடியை, உள்ளங்கையால் அழுத்தினார், சத்தம் நின்றது. கையை எடுத்தார், மறுபடி வந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே ஒயர் ஒன்று கிளிப்பில் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பஞ்சு டேப் சுற்றி மாட்டினார், அவ்வளவுதான். எந்த ரோடு, எந்த வேகம், ஏசி ஓடியதா என்பதையெல்லாம் ஜாப் கார்டில் (வண்டியை சர்வீஸுக்கு விடும்போது குறைகளை எழுதும் தாள்) எழுதச் சொல்லுங்கள். வெறுமனே 'சத்தம் வருகிறது' என்று எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

இதைச் சொன்னால் சிலர், "இதுக்கெல்லாமா அலைவீங்க?" என்கிறார்கள். அலையத்தான் வேண்டும். ஜே.டி. பவர் நிறுவனம் 1987 முதல் அமெரிக்காவில் நடத்தும் புது வண்டித் தர ஆய்வில், முதல் 90 நாளில் 100 வண்டிக்கு எத்தனை குறை என்றுதான் கணக்கெடுக்கிறார்கள். பழுதான பாகம் மட்டுமல்ல, பயன்படுத்தச் சிரமமாக இருக்கிறது என்று ஓட்டுகிறவர் சொல்வதும் அதில் குறைதான்.

கே.ஆர். புரத்தில் இருக்கும் என் பெரியம்மா மகனுக்கு வேறு கவலை. பம்பருக்கும் பாடிக்கும் நடுவே இடைவெளி ஒரு பக்கம் கொஞ்சம் அகலம். அது கழற்றி மாட்டினால் சரியாகிற விஷயம், சரியும் செய்தார்கள். பெயிண்ட் அப்படியில்லை. டியூப் லைட் வெளிச்சம் எல்லாப் பேனலிலும் ஒரே மாதிரி விழுகிறதா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் வேறு மாதிரி நெளிந்தாலோ, கதவு, கண்ணாடி ஓரங்களில் இருக்கும் ரப்பர் பட்டையில் (பீடிங்) பெயிண்ட் பட்டிருந்தாலோ மறுபடி அடித்திருக்க வாய்ப்பு உண்டு. அந்த வண்டியை எடுக்காதீர்கள்.

இதையெல்லாம் ரிஜிஸ்ட்ரேஷனுக்கு முன்பே, டீலர் வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்குப் போய், பகல் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உங்கள் பெயருக்கு நம்பர் விழுந்த பிறகு வண்டியை மாற்றிக் கேட்பது பெரும்பாடு. அப்புறம் டயரையும் பாருங்கள். பக்கவாட்டில் 2324 என்று இருந்தால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்தையும் பாருங்கள்.