சானியா மிர்சாவின் உச்சம் எது: ஒற்றையரில் 27-ஆம் இடமா, இரட்டையரில் முதலிடமா?

பென்னாகரம் உடற்கல்வி ஆசிரியர்:

எங்கள் பகுதியில் அண்மையில் நடந்த பள்ளி விளையாட்டு விழா ஒன்றில், பரிசளிக்க வந்திருந்த பெரியவர் மாணவியரிடம் சானியா மிர்சாவைப் பற்றிப் பேசினார். "டென்னிஸில் உலகின் முதலிடத்தைப் பிடித்த இந்தியப் பெண்" என்பதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது. அவர் சொன்னது உண்மைதான். 2015 ஏப்ரல் 13 அன்று இரட்டையர் தரவரிசையில் முதலிடத்துக்கு வந்த சானியா, மொத்தம் 91 வாரங்கள் அந்த இடத்தில் இருந்தார். ஆயினும் அவருடைய ஆட்ட வாழ்வின் உச்சம் அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, 2007 ஆகஸ்டில், ஒற்றையர் தரவரிசையில் அவர் தொட்ட 27-ஆம் இடம்தான் என்பது என் உறுதியான கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம், என் காரணங்களை முதலில் வைக்கிறேன்.

அவர் எங்கிருந்து புறப்பட்டார் என்பதைப் பார்க்க வேண்டும். நம் கோயம்புத்தூரைச் சேர்ந்த நிருபமா வைத்தியநாதன் 1998 ஆஸ்திரேலிய ஓபனில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிகினியை வென்றபோது, நவீன காலத்தில் கிராண்ட்ஸ்லாம் எனப்படும் நான்கு பெருந்தொடர்களுள் ஒன்றின் முதன்மைச் சுற்றில் ஓர் ஆட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் என்று நாடே அவரைக் கொண்டாடியது. ஓர் ஆட்டத்தை வெல்வதே வரலாறாக இருந்த நாடு இது. அதற்கு ஏழே ஆண்டுகள் கழித்து, 18 வயதுப் பெண் ஒருத்தி ஹைதராபாத் ஓபனை வென்று, மகளிர் டென்னிஸ் சங்கமான டபிள்யூடிஏவின் ஒற்றையர் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்ணாகிறாள். துபாயில், அப்போதைய அமெரிக்க ஓபன் சாம்பியனான ஸ்வெட்லானா குஸ்னெட்சோவாவை வீழ்த்துகிறாள். அதே ஆண்டின் அமெரிக்க ஓபனில் நான்காம் சுற்றுவரை சென்று மரியா ஷரபோவாவிடம்தான் தோற்கிறாள். ஒற்றையரில் உலகின் முன்னணி வீராங்கனையர் அனைவரும் முழு வலிமையோடு வந்து மோதுகிறார்கள். இரட்டையரில் அவர்களுள் பலர் களமிறங்குவதே இல்லை. எனவே 27 என்ற அந்த எண்ணை எளிதாகக் கடந்துபோகக் கூடாது.

ஓசூர் சிப்காட் பணியாளர்:

ஆசிரியர் ஐயா 2005, 2007 ஆகிய ஆண்டுகளின் சாதனைகளை நினைவூட்டியது நன்று. ஆனால் அவற்றை உயர்த்துவதற்காக இரட்டையரைத் தாழ்த்த வேண்டியதில்லை. முன்னணி வீராங்கனையர் இரட்டையருக்கு வருவதில்லை என்ற கூற்றையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். வீனஸ், செரீனா வில்லியம்ஸ் சகோதரியர் இணைந்து 14 கிராண்ட்ஸ்லாம் இரட்டையர் பட்டங்களை வென்றவர்கள். ஒற்றையரில் உலகின் முதலிடத்தில் இருந்த மார்ட்டினா ஹிங்கிஸ்தான் சானியாவின் இணையாக ஆடியவர். 2006-இல் சியோலில் நடந்த ஒற்றையர் ஆட்டத்தில் அந்த ஹிங்கிஸையே சானியா தோற்கடித்திருக்கிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2015 விம்பிள்டன் இறுதி ஆட்டத்தைப் பார்த்தவர்கள் இரட்டையரை எளிய ஆட்டம் என்று சொல்ல மாட்டார்கள். ரஷ்யாவின் மக்கரோவா, வெஸ்னினா இணையிடம் சானியாவும் ஹிங்கிஸும் முதல் செட்டை 5-7 என இழந்து, இரண்டாவதை 6-6 என்ற சமநிலைக்குப் பின் ஆடப்படும் டைபிரேக்கரில் மீட்டு, மூன்றாவதில் 2-5 எனப் பின்தங்கியிருந்தார்கள். அந்த நிலையிலிருந்து 5-5 என்று சமன் செய்தபோது வெளிச்சம் குறைந்து மேற்கூரையை மூட வேண்டியதாயிற்று. ஆட்டம் மீண்டும் தொடங்கியதும் 7-5 என முடித்தார்கள். பின்கோட்டிலிருந்து சானியா அடிக்கும் ஃபோர்ஹேண்டின் (உள்ளங்கைப் பக்கமாக அடிக்கும் அடி) வேகத்துக்கு எதிராளிகள் திணறிப் பந்தைத் திருப்பும்போது, வலையருகே ஹிங்கிஸ் அதை இடைமறித்து முடிப்பார். ஒருவர் எங்கே அடிக்கப்போகிறார் என்பதை மற்றவர் முன்கூட்டியே அறிந்தால்தான் அது நடக்கும். தொடர்ந்து அமெரிக்க ஓபன், 2016 ஆஸ்திரேலிய ஓபன் என்று அடுத்தடுத்து மூன்று கிராண்ட்ஸ்லாம். இடையில் தொடர்ச்சியாக 41 வெற்றிகள். 1990-இல் யானா நவோத்னாவும் ஹெலனா சுக்கோவாவும் 44 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றதற்குப் பிறகு அவ்வளவு நீண்ட வெற்றி வரிசை அமையவில்லை.

இன்னொன்று. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் மணிக்கட்டு வலியால் பாதியில் விலகிய பெண் அவர். மணிக்கட்டிலும் முழங்கால்களிலும் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், 2013-இல் ஒற்றையரை விட்டு விலகினார். உடல் ஒத்துழைக்காத நிலையிலும் அடம்பிடித்து ஒற்றையரையே ஆடியிருந்தால், அடுத்த பத்தாண்டுகள் நமக்குக் கிடைத்தே இருக்காது.

பென்னாகரம் உடற்கல்வி ஆசிரியர்:

2013-இன் முடிவு தவறென்று நான் சொல்லவில்லை. அந்த உடல்நிலையில் அதுவே சரியான முடிவு. எது கடினமானது என்பதுதான் என் கேள்வி. ஒற்றையர் ஆடுகளத்தின் அகலம் 27 அடி. அதை ஒருவரே காக்க வேண்டும். இரட்டையர் ஆடுகளம் 36 அடி, இருவர் பகிர்ந்துகொள்கிறார்கள். வில்லியம்ஸ் சகோதரியரைப் பொறுத்தவரை, அவர்கள் ஆண்டு முழுதும் இரட்டையரில் ஆடியவர்கள் அல்லர்; விரும்பியபோது வந்தார்கள், வந்தபோதெல்லாம் பெரும்பாலும் வென்றார்கள். அது என் வாதத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது.

ஆட்டத்தை நடத்துபவர்களே எதற்கு எவ்வளவு மதிப்பு வைத்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். 2023 விம்பிள்டனில் மகளிர் ஒற்றையர் சாம்பியனுக்கு 23.5 லட்சம் பவுண்ட். இரட்டையர் சாம்பியன்கள் இருவருக்கும் சேர்த்து 6 லட்சம் பவுண்ட்.

காவேரிப்பட்டணம் தாய்:

வணக்கம். என் மகள் டென்னிஸ் ஆடுகிறாள் என்பதால் இந்த விவாதத்தைத் தொடக்கத்திலிருந்தே படித்து வருகிறேன். ஆசிரியர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால் பரிசுத் தொகையை அளவுகோலாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விம்பிள்டனில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசுத் தொகை வழங்கத் தொடங்கியதே 2007-இல்தான். அப்படியானால் 2006 வரை அங்கே வென்ற பெண்களின் ஆட்டம் ஆண்களின் ஆட்டத்தைவிட மதிப்புக் குறைந்தது என்று சொல்வீர்களா? பணம் கொடுப்பவர்களின் மனம் மாறும்போது தொகையும் மாறுகிறது. அதனால் ஆட்டத்தின் அருமை கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

எனக்கு 27-உம் 1-உம் முக்கியமாகத் தோன்றவில்லை. 2018 அக்டோபரில் மகனைப் பெற்றெடுத்து, ஓர் ஆண்டுக்கும் மேல் களத்தைவிட்டு விலகியிருந்து, 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாடியா கிச்செனோக்குடன் ஆடிய முதல் தொடரிலேயே பட்டம் வென்றாரே, அதைத்தான் நான் என் மகளிடம் முதலில் சொல்வேன். இது நம் மண்ணில் ஏன் முக்கியம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. பெண் சிசுக்களைக் காப்பதற்காகச் சேலத்தில் 1992-இல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001-இல் தருமபுரிக்கும் விரிவுபடுத்த வேண்டிய நிலை இருந்தது. 2004-இல் தனி மாவட்டமாகப் பிரியும் வரை எங்கள் கிருஷ்ணகிரியும் அந்தத் தருமபுரிக்குள்தான் இருந்தது. ஹைதராபாத்தில் சானியா முதல் பட்டத்தை வென்றது அதற்கு அடுத்த ஆண்டில். பெண் பிறப்பதையே சுமையாகக் கருதிய குடும்பங்கள் வாழ்ந்த ஊரில், குழந்தை பெற்ற பிறகும் ஒரு பெண் தன் தொழிலுக்குத் திரும்பி வெல்ல முடியும் என்பது எந்தத் தரவரிசையைவிடவும் பெரிய செய்தி. ஐக்கிய நாடுகளின் மகளிர் அமைப்பு 2014-இல் தெற்காசியாவுக்கான நல்லெண்ணத் தூதராகச் சானியாவைத் தேர்ந்தெடுத்ததையும் இதோடு சேர்த்தே பார்க்கிறேன்.

அரூர் இளைஞர்:

அம்மா சொல்வது நெகிழ்ச்சி தருகிறது. ஆனால் நம் கிராமத்துப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்குக் கிடைப்பவை வளையப்பந்தும் எறிபந்தும் கபடியும்தான். டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சானியாவுக்கு ஆறு வயதிலேயே ஹைதராபாத்தில் ஆடுகளம் இருந்தது. பயிற்சிக்குத் துணைநிற்கும் தந்தை இருந்தார். ஒற்றையரா இரட்டையரா என்று நாம் வாதிடுவதற்கு முன் ஆடுகளத்தைப் பற்றி வாதிடலாமே!

ஓசூர் சிப்காட் பணியாளர்:

ஆடுகளம் தேவை என்பதில் கருத்து வேறுபாடு இல்லை, தம்பி. ஆனால் ஆடுகளம் வந்தபின் எந்தத் திசையில் பிள்ளைகளை வளர்ப்பது என்ற கேள்விக்கும் சானியாவின் வாழ்வில் விடை இருக்கிறது. அவருக்குப் பின் இதுவரை எந்த இந்தியப் பெண்ணும் ஒற்றையரில் முதல் 100 இடங்களுக்குள் வரவில்லை. பல ஆண்டுகள் கடுமையாக உழைத்த அங்கிதா ரெய்னா ஒற்றையரில் எட்டிய மிக உயர்ந்த இடம் 160. அதே அங்கிதா 2021-இல் ஆஸ்திரேலியாவில் ஃபிலிப் தீவுக் கோப்பையின் இரட்டையர் பட்டத்தை வென்று, இரட்டையரில் முதல் 100-க்குள் நுழைந்தார். நம் பிள்ளைகளுக்கு எந்தக் கதவு திறக்கிறதோ அதன் வழியே அனுப்புவதில் என்ன குறை?

பென்னாகரம் உடற்கல்வி ஆசிரியர்:

என் அச்சம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. விழாவில் கேட்ட பேச்சு என்னை உறுத்தியதற்கும் இதுவே காரணம். "முதலிடம்" என்ற சொல்லை மட்டும் பிள்ளைகளிடம் விதைத்தால், பெற்றோரும் பயிற்சியாளர்களும் அந்த இடத்துக்கான குறுக்குவழியாக இரட்டையரைப் பார்க்கத் தொடங்குவார்கள். சானியா அப்படி வந்தவர் அல்லர். அவருடைய இரட்டையர் ஆட்டத்தின் முதுகெலும்பு அந்த ஃபோர்ஹேண்ட். அது உருவானதும் கூர்மை பெற்றதும், குஸ்னெட்சோவாவையும் ஷரபோவாவையும் எதிரில் வைத்து, துணைக்கு எவரும் இல்லாமல் ஆடிய ஆண்டுகளில்தான். தனியே நின்று பந்துக்குப் பந்து பதில் சொல்லிப் பழகாத பிள்ளை, இணையாக ஆடும்போது தன் பக்கம் வரும் பந்துக்கு என்ன செய்வாள்? வேர் பிடிப்பதற்கு முன்பே மாங்கன்றுக்கு ஒட்டுப் போட்டால் பிழைக்காது என்பது நம் மாவட்டத்து விவசாயிகள் அனைவரும் அறிந்ததுதான்.

ஓசூர் சிப்காட் பணியாளர்:

உங்கள் வாதத்தில் ஓர் இடைவெளி இருக்கிறது, ஐயா. 2003-இல், எந்த ஒற்றையர் சாதனைக்கும் முன்பே, 16 வயதில், ரஷ்யாவின் அலிசா கிளேபனோவாவோடு இணைந்து சானியா விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை வென்றார். இரட்டையர் என்பது காயத்துக்குப் பிறகு அவர் ஒதுங்கிய இடம் என்று சொல்ல முடியாது. தொடக்கத்திலிருந்தே அது அவரிடம் இருந்தது. 2009-இல் மகேஷ் பூபதியோடு ஆஸ்திரேலிய ஓபன் கலப்பு இரட்டையரை வென்றபோதும், 2012-இல் அவரோடு பிரெஞ்சு ஓபனை வென்றபோதும், ஒற்றையரிலிருந்து அவர் ஓய்வு பெற்றிருக்கவில்லை. முதலில் இது, பிறகு அது என்ற வரிசையை நாம்தான் உருவாக்குகிறோம்.

பென்னாகரம் உடற்கல்வி ஆசிரியர்:

2003-ஐ நீங்கள் எடுத்துக்காட்டியது பொருத்தமானதே. ஆனால் அந்த வயதில் அவர் இரண்டையும் ஆடினார் என்பதுதானே அதிலிருந்து தெரிகிறது? ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் அவர் தேர்ந்தெடுத்தது 26 வயதில், உடல் கட்டாயப்படுத்திய பிறகு. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்தத் தேர்வை எவரும் செய்துகொடுக்கக் கூடாது. ஒற்றையரில் அவர் எட்டிய 27-ஆம் இடத்தை இதுவரை எந்த இந்தியப் பெண்ணும் நெருங்கவில்லை. மேடையில் பேசுபவர்கள் அந்த எண்ணையும் சொல்லட்டும் என்று தொடர்ந்து கேட்பேன்.

காவேரிப்பட்டணம் தாய்:

ஐயா, இதை நீங்கள் எழுதியது எனக்கு உதவியாக இருக்கிறது. வார இறுதிகளில் சூளகிரி வழியாக ஓசூருக்கு மகளைப் பயிற்சிக்கு அழைத்துச் செல்கிறேன். அடுத்து பெங்களூரில் நடக்கவிருக்கும் சிறுமியர் தொடரில் இரண்டு பிரிவுகளுக்கும் பெயர் கொடுத்தால் களைத்துவிடுவாள், ஒன்றை விட்டுவிடுங்கள் என்று அங்கே பயிற்சி தருபவர் சொல்கிறார். எதை விடுவது என்பதில் வீட்டில் ஒரே குழப்பம்.

பென்னாகரம் உடற்கல்வி ஆசிரியர்:

எதையும் விட வேண்டாம், அம்மா. இரண்டுக்கும் பெயர் கொடுங்கள். ஒற்றையரில் முதல் சுற்றிலேயே தோற்றாலும் இரட்டையரில் இன்னும் ஓர் ஆட்டமாவது கிடைக்கும். பயணச் செலவு செய்து போய் ஒரே ஆட்டத்தோடு திரும்புவதைவிட அது மேல். ஆட்டங்களுக்கு இடையே போதிய ஓய்வும் நீரும் கிடைக்கிறதா என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டில் சிறு வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைய ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். எந்தப் பிரிவாக இருந்தாலும் சரி.

ஓசூர் சிப்காட் பணியாளர்:

இதில் ஐயாவோடு முழுமையாக உடன்படுகிறேன். இணையாக ஆட வேறு ஊர்ப் பிள்ளை கிடைத்தால், தொடருக்கு முன்பு ஒருநாள் இருவரையும் ஓசூரில் சேர்ந்து ஆடவையுங்கள், சகோதரி. ஒருவர் சர்வீஸ் போடும்போது வலையருகே நிற்பவர் எந்தப் பக்கம் நகர்வார் என்பதையாவது அவர்கள் பேசி வைத்துக்கொள்ளட்டும்.