கவிதா அக்கா வெப்சைட்டும் பத்தாயிரம் லைக்கும்

பெரியப்பா: எல்லோருக்கும் ஒரு தகவல். கவிதாவின் மாடித்தோட்ட வெப்சைட்டைக் கூகுளில் முதல் பக்கத்துக்குக் கொண்டுவர ஒருவர் பேசியிருக்கிறார். பத்தாயிரம் லைக் போட்டுத் தருவாராம். இன்று இரவுக்குள் முன்பணம் கட்டினால் சலுகை. அனுப்பிவிடப் போகிறேன்.

அத்தை: நல்லது அண்ணா 👍

மதன்: மாமா, பொறுங்கள்

அம்மா: யார் அவர்? தெரிந்தவரா?

பெரியப்பா: போனில்தான் பேசினார். நல்ல மரியாதையான பையன்.

மதன்: நிலம் முடித்துத் தருகிறேன் என்று வந்தவரும் மரியாதையாகத்தான் பேசினார்

அத்தை: மதன், சும்மா இரு

பெரியப்பா: அதை ஏன் இப்போது இழுக்கிறாய்?

பிரபு: பெரியப்பா, தயவுசெய்து அனுப்ப வேண்டாம். லைக் கூடினால் கூகுளில் மேலே வரும் என்பதே தப்பு. கூகுளில் ஸ்பேம், அதாவது ஏமாற்றி மேலே வரும் வேலையைத் தடுக்கும் குழுவை நடத்திய மேட் கட்ஸ் 2014 ஜனவரியிலேயே வீடியோவில் சொல்லிவிட்டார், ஃபேஸ்புக், ட்விட்டர் பக்கங்களையும் மற்ற வலைப்பக்கங்களைப் போலத்தான் பார்க்கிறோம், லைக்கையும் ஃபாலோயரையும் எண்ணி வரிசை போடுவதில்லை என்று. அப்புறம் அங்கே நாம் போடும் லிங்க்கில் பெரும்பாலும் நோஃபாலோ என்று ஒரு குறி ஒட்டியிருக்கும். ‘இந்த லிங்க்குக்கு நாங்கள் பொறுப்பு இல்லை’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி, 2005-ல் வந்தது. 2019-லிருந்து அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள்கிறோம் என்கிறது கூகுள். அதை நம்பிப் பணம் கட்ட முடியாது. காசு கொடுத்து வாங்கும் லைக் பெரும்பாலும் போலிக் கணக்குகள்தான். அவர்களில் ஒருவர்கூட அக்கா எழுதியதைப் படிக்கப் போவதில்லை.

அத்தை: ரொம்ப நீளம் பிரபு. சுருக்கமாகச் சொல்

அம்மா: பணம் அனுப்ப வேண்டாம் என்கிறான்

பெரியப்பா: லைக் மட்டும் இல்லை. 500 வெப்சைட்டில் லிங்க் போடுவாராம்.

பிரபு: ஐயோ, அது இதைவிட மோசம். காசுக்கு லிங்க் வாங்குவது கூகுள் விதிப்படியே ஸ்பேம். 2012 ஏப்ரலில் பெங்குவின் என்று ஒரு மாற்றம் கொண்டுவந்தார்கள், இப்படி லிங்க் சேர்த்த தளங்கள் பல கீழே போய்விட்டன. இப்போது அந்த மாதிரி லிங்க்குகளைக் கணக்கிலேயே எடுக்காமல் விட்டுவிடுவார்கள், கட்டிய பணம்தான் போகும். முற்றினால் தளமே தேடலில் இருந்து காணாமல் போகலாம்.

கவிதா அக்கா: அப்பா, என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

பெரியப்பா: உனக்காகத்தானே செய்கிறேன்

அத்தை: அப்போது நான் எல்லாக் குழுவிலும் லிங்க் அனுப்பினேனே, வீணா?

பிரபு: வீணே இல்லை அத்தை. வாட்ஸ்அப்பில் போடுவது கூகுள் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மனிதர்கள் பார்ப்பார்கள். பத்துப் பேர் வந்து படித்து, அதில் ஒருவர் தன் தளத்தில் அக்காவின் பக்கத்தைக் குறிப்பிட்டு லிங்க் கொடுத்தால் அதற்கு மதிப்பு உண்டு. இன்னொருவர் அடுத்த வாரம் அக்காவின் பெயரைப் போட்டே தேடுவார். சோஷியல் மீடியா தேடலுக்கு உதவுவது இப்படித்தான்.

அத்தை: ஆனால் படமே வரவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் மட்டும்தான் வந்தது. வைரஸ் லிங்க்கா என்று ஒருத்தி கேட்டாள்

கவிதா அக்கா: யார்?

அத்தை: உன் மாமியார் பக்கத்து ஆள்தான்

கவிதா அக்கா: நினைத்தேன்

பிரபு: அத்தை சொன்னது முக்கியம். லிங்க் அனுப்பும்போது வரும் தலைப்பையும் படத்தையும் ஓபன் கிராஃப் என்ற குறிகளிலிருந்து எடுப்பார்கள். ஃபேஸ்புக் 2010-ல் கொண்டுவந்தது, வாட்ஸ்அப்பும் அதைத்தான் பார்க்கிறது. அக்கா தளத்தில் அது இல்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு செடிப் படம், ஒரு தெளிவான தலைப்பு வைத்துவிடுகிறேன். ரேங்க்கை அது ஏற்றாது, ஆனால் ஆட்கள் பயப்படாமல் தொடுவார்கள்.

மதன்: சரி, எனக்கு ஒரு யோசனை. மேட்ச்தானே ட்ரெண்டிங், எல்லாப் பதிவிலும் அந்த ஹாஷ்டேக்கைப் போட்டுவிடலாம்

பிரபு: வேண்டாம்டா. மேட்ச் ஸ்கோர் தேடுகிறவன் செடியைப் பார்த்ததும் ஓடிவிடுவான். தளத்திலும் சம்பந்தமில்லாத சொற்களைத் திணித்தால் அதுவும் ஸ்பேம்தான். நமக்கு வேண்டியது நம் விஷயத்துக்குள் இருக்கும் ட்ரெண்ட். எதை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் ட்ரெண்ட்ஸ் இலவசம். அதில் தெரியும் 0 முதல் 100 வரையிலான எண் எத்தனை பேர் தேடினார்கள் என்பது இல்லை, நாம் கேட்ட காலத்தில் உச்சம் எதுவோ அதை 100 ஆக வைத்து மற்றதை ஒப்பிடுகிறார்கள். ஐந்து ஆண்டைப் போட்டுப் பார்த்தால் செடி சம்பந்தமான தேடல் எந்த மாதம் ஏறுகிறது என்று தெரிந்துவிடும். ஏறின பிறகு எழுதினால் தாமதம், கொஞ்சம் முன்னாடியே பக்கம் தயாராக இருக்க வேண்டும்.

அம்மா: யாராவது பாட்டியின் கண் சொட்டு மருந்துச் சீட்டைப் பார்த்தீர்களா?

அத்தை: அண்ணி, என்னிடம் இருக்கிறது

கவிதா அக்கா: பிரபு, இன்ஸ்டாவில் எல்லோரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள். தக்காளிச் செடியில் இலை சுருண்டுபோகிறது, என்ன செய்வது என்று. கமென்ட் முழுக்க அதுதான்.

பிரபு: அக்கா!! உங்கள் ட்ரெண்டே அதுதான். அதற்குத் தளத்தில் பக்கம் இருக்கிறதா?

கவிதா அக்கா: இருக்கிறதே. ‘தக்காளியில் நச்சுயிரி நோய் மேலாண்மை’

மதன்: யார் தேடுவார்கள் இதை?

கவிதா அக்கா: சரியான பெயர் அதுதான்டா. வெள்ளை ஈ பரப்பும் வைரஸ்தான் பல நேரம் காரணம்.

பிரபு: சரியான பெயர் உள்ளே இருக்கட்டும் அக்கா, தலைப்பு கேட்கிறவர்கள் வாயிலிருந்து வரட்டும். ‘தக்காளி இலை சுருள்வது ஏன்? என்ன செய்யலாம்?’ என்று வையுங்கள். முதல் இரண்டு வரியிலேயே பதில், இலையின் பின்பக்கத்தைத் திருப்பி வெள்ளை ஈ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் ஒரு படம். தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியைத் திறந்தால் எந்தச் சொல்லைத் தேடி வந்தார்கள் என்பது 16 மாதத்துக்குக் கிடைக்கும், அதையும் பார்த்து எழுதலாம். அதே விஷயத்தில் யூடியூபில் சின்ன வீடியோ போடுங்கள், கூகுள் தேடலில் யூடியூப் வீடியோக்களும் வரும். உங்கள் இன்ஸ்டா புரொஃபஷனல் கணக்குதானே? 2025 ஜூலையிலிருந்து அந்தப் பதிவுகளையும் தேடுபொறிகள் எடுத்துக்கொள்கின்றன, அதனால் படத்துக்குக் கீழே வெறும் இதயக் குறி போடாமல் நாலு வரி எழுதுங்கள்.

கவிதா அக்கா: எழுதுகிறேன். எத்தனை நாளில் மேலே வரும்?

பிரபு: அதை யாராலும் உறுதி சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

பெரியப்பா: சரி, அந்தப் பையனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வருத்தப்பட்டான்.

அம்மா: அப்பாடா

மதன்: நம்பரை பிளாக் செய்யுங்கள் மாமா

பெரியப்பா: எப்படிச் செய்வது?

அத்தை: வீடியோ யார் எடுப்பது? மதனிடம்தான் நல்ல போன்

மதன்: ஞாயிறு வருகிறேன்

அம்மா: ஞாயிறு நீதான் பாட்டியைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும்

மதன்: பிரபு போவதாகத்தானே பேச்சு?

பிரபு: நான் எப்போது சொன்னேன்?

கவிதா அக்கா: சனிக்கிழமை காலை வெளிச்சம் நன்றாக இருக்கும். அதற்குள் சுருண்ட இலையைப் பறிக்காமல் வைத்திருக்கிறேன், யாராவது ஒருவர் வாருங்கள்

அத்தை: பார்க்கலாம்மா