மறுமொழி: ‘ஹெல்த் இனீக்விட்டி’க்குச் ‘சமத்துவமின்மை’ போதுமா?

மடலாடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

இழை நீண்டு, நடுவில் ‘சமத்துவம்’ வடசொல்லா தமிழா என்ற பழைய பஞ்சாயத்துக்குள் போய்விட்டது. அதற்குத் தனி இழைகள் ஏற்கெனவே இருக்கின்றன, இன்னும் ஒன்று வேண்டுமென்றால் தாராளமாகத் தொடங்கலாம். நான் முதல் மடலில் தம்பி கேட்டதற்கு வருகிறேன். வரி, கூலி, வீடு, வேலை, கல்வி ஆகியவற்றில் அரசு எடுக்கும் முடிவுகள் யாருடைய ஆயுளைக் கூட்டுகின்றன, யாருடையதைக் குறைக்கின்றன என்று ஒரு பாடநூல் இயல் எழுதுகிறார். அதில் ‘ஹெல்த் இனீக்வாலிட்டி’ (மக்களின் நலத்தில் காணும் மேடுபள்ளம்) வருகிறது, ‘ஹெல்த் இனீக்விட்டி’யும் (அதில் நியாயமற்றது) வருகிறது. தமிழில் என்ன போடுவது?

> இரண்டுக்கும் ‘சுகாதாரச் சமத்துவமின்மை’ என்றே வைத்துவிடலாமே? ஆங்கிலத்திலேயே மாற்றி மாற்றித்தானே எழுதுகிறார்கள்.

மாற்றி எழுதுகிறார்கள், உண்மைதான். பிரிட்டனில் ‘இனீக்வாலிட்டி’யையே இரண்டு பொருளிலும் புழங்குவார்கள், அமெரிக்கர்கள் ‘டிஸ்பாரிட்டி’ என்பார்கள். ஆனால் அங்கே அந்தச் சொற்களுக்குப் பின்னால் நாற்பது ஐம்பது ஆண்டுச் சண்டை இருக்கிறது, படிக்கிறவருக்கு இடம் பார்த்துப் பொருள் புரிந்துவிடும். நமக்கு அந்தப் பழக்கம் இல்லை. முதல் தடவை தமிழில் படிக்கிற மாணவருக்கு அந்தச் சொல் எதைக் காட்டுகிறதோ அதுதான் பொருள்.

அந்தச் சண்டையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், சொல் தேர்வுக்கு அது தேவை. 1977-ல் பிரிட்டன் அரசு டக்ளஸ் பிளாக் என்ற மருத்துவர் தலைமையில் ஒரு குழு அமைத்தது. இலவசத் தேசிய மருத்துவச் சேவை வந்து முப்பது ஆண்டு ஆகியும் கீழ்வகுப்பினர் ஏன் சீக்கிரம் சாகிறார்கள் என்று பார்க்கச் சொன்னது. 1980-ல் அறிக்கை தயாரானபோது ஆட்சி மாறியிருந்தது. ஆகஸ்டில் ஒரு நீண்ட விடுமுறை வார இறுதியை ஒட்டி, சுமார் 260 படிகள் மட்டும் எடுத்து வெளியிட்டார்கள். அறிக்கை சொன்னது, இந்த இடைவெளிக்கு மருத்துவமனைப் பற்றாக்குறை முக்கியக் காரணம் இல்லை, வருமானமும் வேலையும் வீடும்தான் என்று. அதைக் கேட்க அப்போது யாருக்கும் விருப்பமில்லை. அப்புறம் நடந்ததுதான் நமக்கு வேண்டியது. 1990-களின் நடுவில் அதே நாட்டுச் சுகாதாரத் துறை இந்த விஷயத்தை மறுபடி எடுத்தபோது ‘ஏற்றத்தாழ்வு’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘வேறுபாடுகள்’ என்று எழுதியது. வேறுபாடு என்றால் யாரும் கோபப்பட முடியாது பாருங்கள், ஒருவர் குட்டை, ஒருவர் நெட்டை, அவ்வளவுதான். 1997-ல் ஆட்சி மாறியது, 1998-ல் டொனால்ட் அச்செசன் குழுவின் அறிக்கை ‘ஏற்றத்தாழ்வு’ என்ற சொல்லைத் தலைப்பிலேயே வைத்துக்கொண்டு வந்தது.

ஆகவே நமக்குச் சொற்கள் இரண்டு அல்ல, மூன்று வேண்டும். மார்கரெட் வைட்ஹெட் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்துக்காக எழுதியதில் இரண்டு முனைகளின் பிரிப்பு தெளிவாக இருக்கிறது. முதியவருக்கு இளையவரைவிட நோய் அதிகம், இது வேறுபாடு, இயற்கை. தவிர்க்கக்கூடியதாக, தேவையில்லாததாக, நியாயமற்றதாக இருந்தால்தான் அது ‘இனீக்விட்டி’. இவை இரண்டுக்கும் நடுவில், நியாய அநியாயம் பேசாமல் வகுப்பு வகுப்பாக எண்ணி அட்டவணை போடுவதற்கு ஒரு சொல் வேண்டும், அதுதான் ‘இனீக்வாலிட்டி’.

நடுச் சொல்லுக்கு ‘ஏற்றத்தாழ்வு’ போதும். எல்லாருக்கும் தெரிந்த சொல், அதிலேயே மேடு பள்ளம் இருக்கிறது, அளக்கலாம். ‘சமத்துவமின்மை’யை நான் ஏன் தள்ளுகிறேன் என்றால், எதிர்மறைச் சொல், நீளம், ‘சமத்துவமின்மையின்மை’ என்றெல்லாம் யாராவது எழுதித் தொலைக்கும் ஆபத்தும் உண்டு.

‘ஹெல்த்’ பக்கம் வருவோம். ‘சுகாதாரம்’ வேண்டாம் என்று நம் குழுவின் மருத்துவர் அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். துறைப் பெயராக அது நிலைத்துவிட்டது, இலங்கையில் அமைச்சுக்கே அதுதான் பெயர், ஆனால் ‘சுகாதாரமற்ற இடம்’ என்றால் குப்பை கிடக்கும் இடம் என்றுதான் நமக்குப் படும். ‘சுகாதார ஏற்றத்தாழ்வு’ என்று தலைப்பு வைத்தால் பாதிப் பேர் கழிப்பறை வசதி பற்றிய பாடம் என்று நினைத்துக்கொள்வார்கள். வெறும் ‘நலம்’ என்றால் தொழிலாளர் நலம், நலத்திட்டம் என்று வேறு வாசல் திறந்துகொள்ளும், அதுவும் இது அரசுக் கொள்கை பற்றிய இயல், குழப்பம் உறுதி. ‘உடல்நலம்’ மனத்தை வெளியே நிறுத்திவிடும். ‘நலவாழ்வு’ இருக்கட்டும். ‘நல்வாழ்வு’ என்று எழுதினாலும் சண்டைக்கு வரமாட்டேன்.

இப்போது சிக்கலான சொல்.

> ‘நலவாழ்வு ஒப்புரவின்மை’ என்று முன்மொழிகிறேன். குறளில் அதிகாரமே உண்டு.

ஐயா, ஒப்புரவு அழகான சொல், ஆனால் அங்கே அது உலகத்தோடு ஒத்து உதவி வாழும் பண்பு, கொடுக்கிறவருடைய குணம். கத்தோலிக்கத் தமிழில் பாவமன்னிப்புச் சடங்குக்கும் இன்று அதுதான் பெயர். ‘ஒப்புரவின்மை’ என்றதும் பணக்காரர் இரக்கம் இல்லாமல் இருப்பதுதான் கோளாறு என்ற பொருள் வந்துவிடும். இங்கே பேச்சு கொடை பற்றியது இல்லையே. ‘நேர்மையின்மை’ என்றால் திருட்டுத்தனம். ‘முறைகேடு’ என்றால் டெண்டர் ஊழல். ‘நயன்மைக்கேடு’ என்ற பரிந்துரையை அனுப்பியவரிடம் மரியாதையோடு கேட்கிறேன், அதை முதல் தடவை கேட்டு யாருக்காவது புரியுமா?

எனக்கு மிகவும் பிடித்தது மருத்துவர் அம்மா விளையாட்டாகச் சொன்ன ‘ஓரவஞ்சனை’. ஒருவருக்குக் கூட்டி ஒருவருக்குக் குறைத்துக் கொடுப்பது, கொடுக்கிற கை ஒன்று இருக்கிறது என்பது, இரண்டும் அந்தச் சொல்லில் இருக்கின்றன. ‘ஏற்றத்தாழ்வு’ என்று எழுதிய கை அடுத்து ‘நிலவுகிறது’ என்று எழுதுவதைக் கவனித்திருப்பீர்கள். குளிர் நிலவுகிறது, அமைதி நிலவுகிறது, ஏற்றத்தாழ்வு நிலவுகிறது. யாரும் செய்யாமல் தானாக வந்து உட்கார்ந்த மாதிரி! ரஷ்யாவில் 1990-ல் ஆண்களின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 64, நான்கே ஆண்டில் அது 58-க்கும் கீழே போய்விட்டது. புதுக் கிருமி எதுவும் வந்து இறங்கவில்லை. பொருளாதாரம் தலைகீழானது, வேலையும் சேமிப்பும் போயின, மலிவான மது தாராளமாகக் கிடைத்தது. செத்தவர்களில் நடுவயது ஆண்கள், அதிலும் படிப்புக் குறைந்தவர்கள், மிக அதிகம். இதை ‘நிலவியது’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

இருந்தாலும் ‘ஓரவஞ்சனை’யைக் கைவிட வேண்டியிருக்கிறது. வஞ்சனை என்றால் வேண்டுமென்றே செய்வது. ஆனால் கொள்கை கெடுக்கிற இடங்களில் பாதி நல்லெண்ணத்தோடு கெடுக்கிறது. புகைப்பதை விடுங்கள் என்று அரசு விளம்பரம் செய்தால் முதலில் விடுகிறவர் யார்? படித்தவர், வசதியுள்ளவர், நாளை பற்றித் திட்டம் போட முடிந்தவர். பணக்கார நாடுகளில் அதுதான் நடந்தது, நாட்டுச் சராசரி முன்னேறியது, இரண்டு முனைகளுக்கும் நடுவே இடைவெளி விரிந்தது. யாரும் யாரையும் வஞ்சிக்கவில்லை. எதிர்ப்பக்கத்துக்கு ஸ்காட்லாந்தைப் பாருங்கள். அங்கே 2018 மே மாதம், மதுவில் உள்ள ஆல்கஹாலின் ஒவ்வோர் அலகுக்கும் 50 பென்ஸுக்குக் கீழே விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது (2024-ல் அந்த வரம்பை 65 பென்ஸ் ஆக்கினார்கள்). விலையுயர்ந்த விஸ்கிக்கு அது ஒட்டவே ஒட்டாது, ஏற்கெனவே விலை அதற்கு மேல். பெரிய பாட்டிலில் கொள்ளை மலிவாக விற்ற கடுமையான சைடர் (ஆப்பிள் மது) மாதிரிச் சரக்குதான் மாட்டியது. சட்டம் இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதோடு ஒப்பிட்டால், மதுவால் மட்டுமே நேரும் இறப்புகள் சுமார் 13 விழுக்காடு குறைந்ததாக 2023-ல் மதிப்பீடு வந்தது, குறைவு அதிகம் தெரிந்தது மிகவும் பின்தங்கிய பகுதிகளில். அறிவுரை இடைவெளியை விரித்தது, விலை அதைச் சுருக்கியது. இரண்டுமே கொள்கை, இரண்டிலுமே கெட்ட எண்ணம் இல்லை. விளைவை வைத்துப் பேசுகிற சொல்தான் வேண்டும், எண்ணத்தை வைத்துப் பேசுகிற சொல் உதவாது.

அதனால் என் முன்மொழிவு ‘நலவாழ்வு அநீதி’.

> ‘அநீதி’ கோஷம் மாதிரி இருக்கிறது. அட்டவணைத் தலைப்பில் போட முடியாது.

புள்ளியியல் ஆசிரியர் ஐயாவுக்கு, போட வேண்டாம். அட்டவணைத் தலைப்பில் ‘ஏற்றத்தாழ்வு’தான் வரும், அதற்காகத்தானே அதைத் தனியாக வைத்தோம். ‘அநீதி’ வருவது அட்டவணைக்குக் கீழே, இது தவிர்க்கக்கூடியது என்று காட்டிய பிறகு. காட்டாமல் யாராவது எழுதினால் ‘எப்படிச் சொல்கிறீர்கள்?’ என்று வாசகர் கேட்பார், கேட்கட்டும், மென்மையான சொல்லாக இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. ‘சமூக அநீதி’ நாளிதழில் தினமும் வருகிற சொல், யாருக்கும் அகராதி வேண்டாம். தவிர, வரையறையிலேயே ‘நியாயமற்ற’ என்று இருக்கும்போது தமிழில் மட்டும் அதை வழித்தெடுத்துவிட்டு வைப்பானேன்?

அடுத்தது ‘சோஷியல் கிரேடியன்ட்’. தம்பி ‘சமூகச் சரிவு’ என்று போட்டிருக்கிறார், இதை மாற்றியே ஆக வேண்டும். பங்குச் சந்தைச் சரிவு, மண்சரிவு என்று படித்துப் பழகிய கண்ணுக்குச் சமூகமே இடிந்து விழுந்த மாதிரி இருக்கும். பொருளைப் பார்ப்போம். 1967-ல் லண்டன் அரசு அலுவலகங்களில் ஆண் ஊழியர்கள் சுமார் 18,000 பேரை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது, வைட்ஹால் ஆய்வு. எல்லாருக்கும் நிரந்தர வேலை, அலுவலக வேலை, எல்லாருக்கும் அதே இலவச மருத்துவம், பட்டினி கிடந்தவர் யாரும் இல்லை. அப்படியிருந்தும் அடித்தட்டில் இருந்த ஏவலர், வாயிற்காப்போர் இதயநோயால் இறந்த வீதம் உச்சியில் இருந்த அதிகாரிகளைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. புகை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்தும் வித்தியாசத்தில் பெரும்பகுதி மிஞ்சியது. இதைவிட முக்கியம், உச்சிக்கு அடுத்த படியில் இருந்தவர்கள், நல்ல சம்பளக்காரர்கள்தான், அவர்களும் உச்சியில் இருந்தவர்களைவிட அதிகம் இறந்தார்கள். ஏழை ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம் என்று கோடு போட முடியாது, படிக்குப் படி இறங்குகிறது. எனவே ‘நலவாழ்வுப் படிச்சரிவு’ என்கிறேன். ‘படி’ உள்ளே வந்தால் மண்சரிவு வெளியே போய்விடும்.

இது புரிந்தால்தான் ‘புரொபோர்ஷனேட் யூனிவர்சலிசம்’ என்ற பயமுறுத்தும் தொடரும் புரியும். மைக்கேல் மார்மட் தலைமையில் இங்கிலாந்துக்காக 2010-ல் வந்த அறிக்கை பரப்பிய சொல் அது. அடிமட்டத்துக்கு மட்டும் திட்டம் போட்டால் நடுப்படிகளில் இருக்கிறவர்களின் இழப்பு அப்படியே கிடக்கும், எல்லாருக்கும் ஒரே அளவு கொடுத்தால் சரிவு அதே கோணத்தில் நிற்கும். எல்லாருக்கும் உண்டு, தேவை கூடக்கூட அளவும் கூடும், இதுதான் கருத்து. ‘விகிதாசாரப் பொதுமைவாதம்’ என்ற நேர்பெயர்ப்பு தேர்தல் முறை பற்றிய பாடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். ‘தேவையளவுப் பொதுமை’ எப்படி? ‘பொதுவழங்கல்’ என்று முதலில் யோசித்தேன், ரேஷன் கடை நினைவுக்கு வந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

மற்றவை சுருக்கமாக. ‘இன்வர்ஸ் கேர் லா’, 1971-ல் ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் சொன்னது, தேவை அதிகமுள்ள இடத்தில்தான் நல்ல மருத்துவம் குறைவாகக் கிடைக்கிறது என்பது. ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’யைவிட ‘பராமரிப்பின் எதிர்விகித விதி’ சரி, எதிர்விகிதம் பள்ளிக் கணக்கிலேயே இருக்கிறது. ‘பாலிசி’யை ஒலிபெயர்க்க வேண்டாம், எல்லாரும் காப்பீட்டு முகவரைத்தான் நினைப்பார்கள், ‘கொள்கை’யே போதும்.

‘சோஷியல் டிடர்மினன்ட்ஸ்’தான் இன்னும் திருப்தியாக அமையவில்லை. தயவுசெய்து கலைச்சொல் அகராதியில் ‘டிடர்மினன்ட்’ தேடி ‘அணிக்கோவை’யைக் கொண்டுவராதீர்கள், அது கணக்குப் பாடத்துச் சொல். ‘தீர்மானிகள்’ என்றால் விதி எழுதியாகிவிட்டது போலத் தொனிக்கிறது. ‘சமூகக் காரணிகள்’ என்று பலரும் எழுதுகிறார்கள், தப்பில்லை, ஆனால் புகை, கொழுப்பு இவையும் காரணிகள்தான், அவற்றுக்குக் கீழே இருந்து அவற்றையே உண்டாக்குகிற கூலி, வீடு, வேலை இவற்றுக்குத் தனிப்பெயர் வேண்டாமா? ‘சமூக அடிக்காரணிகள்’ என்று தற்காலிகமாக வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் இதற்கென்று அமைத்த ஆணையத்தின் 2008 அறிக்கையில், கிளாஸ்கோவின் கால்டன் பகுதியில் பிறக்கும் ஆணுக்கு ஆயுள் 54, சில கிலோமீட்டர் தள்ளி லென்ஸியில் 82 என்று ஒரு கணக்கு உண்டு. தம்பி அந்த 28 ஆண்டு இடைவெளியைப் பற்றி ‘தீர்மானி’, ‘காரணி’, ‘அடிக்காரணி’ என்ற மூன்று சொல்லாலும் மூன்று வாக்கியம் எழுதிப் பார்த்து அனுப்பட்டும். ‘அடிக்காரணி’ வாக்கியத்தில் உட்காருகிறதா, துருத்துகிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும். அதைவிட நல்லது யாரிடமாவது இருந்தால் இந்த இழையிலேயே போடுங்கள், பொதுப் பட்டியலில் இப்போதைக்கு அந்த ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டிருக்கிறேன்.