லேசான குளிருக்கு அடுக்காக உடுத்தினால் ஏன் மூட்டை மாதிரி தெரிகிறது?

நூல்கண்டு:
காலையில் 10–12 டிகிரி, மதியம் 20ஐத் தாண்டிவிடுகிறது. பனியன், சட்டை, ஸ்வெட்டர், மேலே ஜாக்கெட் என்று போட்டால் அக்குளில் துணி சுருண்டு பிடிக்கிறது, கையைத் தூக்க முடிவதில்லை. மதியம் ஜாக்கெட்டைக் கழற்றினால் உள்ளே எல்லாம் கசங்கி, வியர்த்தும் இருக்கிறது. குளிரவும் கூடாது, பார்க்க நன்றாகவும் இருக்கவேண்டும். எதை மாற்றுவது?

காலர்பட்டன்:
ஸ்வெட்டரை மாற்றுங்கள். இந்தக் குளிருக்குத் தடித்த பின்னல் தேவையே இல்லை. 12 கேஜ் (பின்னலின் நெருக்கத்தைச் சொல்லும் எண், எண் கூடினால் பின்னல் மெலிசு) அல்லது அதைவிட நெருக்கமான பின்னலில் மெரினோ என்ற மென்மையான கம்பளி எடுத்தால் சட்டைக்கு மேலே படிந்து நிற்கும், ஜாக்கெட்டுக்குள்ளும் அடங்கும்.

எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் முன்னால் குறுக்காகக் கட்டிப் பாருங்கள். முதுகு இழுத்தால் ஜாக்கெட்டின் தோள் அளவு போதவில்லை. இறுக்கிப் போட்டால் குளிர்தான் அதிகம் தெரியும். சூட்டைப் பிடித்துவைப்பது அடுக்குகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று, அதை நசுக்கிவிடுகிறோம்.

ஜாக்கெட் கையில் வழுவழுப்பான லைனிங் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் கம்பளி அதில் ஒட்டி, போடும்போதே ஸ்வெட்டர் கை முழங்கை வரை ஏறிவிடும். அக்குளில் சுருள்வதில் பாதி அதனால்தான். ஸ்வெட்டரின் கஃபை, அதாவது கை நுனியை, விரலால் பிடித்துக்கொண்டு கையை நுழையுங்கள்.

ஈரம்காயாது:
மேலே சொன்னது சரி, ஆனால் வியர்வைக்கு அது பதில் இல்லை. பருத்திப் பனியன் வியர்வையை உறிஞ்சிக்கொண்டு விடாது. மாலையில் வெப்பம் இறங்கும்போது அந்த ஈரம்தான் முதுகில் சில்லிடும். உடம்பை ஒட்டி 150 ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) மெரினோ டீ-ஷர்ட் போடுங்கள். பாலியெஸ்டரும் சீக்கிரம் காயும். ஆனால் காற்று வறண்டிருந்தால் அதன்மேல் கம்பளி உரசி மின்னேற்றம் வரும், துணி உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பருத்தியை ஒதுக்கவேண்டாம், உடம்பில் படாத அடுக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: வீட்டைவிட்டு இறங்கும்போது லேசாகக் குளிரவேண்டும். அப்போதே கதகதப்பாக இருந்தால் பத்து நிமிட நடையில் வியர்க்கும்.

நூல்கண்டு:
டீ-ஷர்ட் கழுத்து சட்டைக்கு மேலே எட்டிப் பார்க்குமே?

மூன்றாம்மடிப்பு:
மேல் பட்டனைத் திறந்துவிடுவதானால் உள்ளே வி-கழுத்து. வட்டக்கழுத்து ஸ்வெட்டர் என்றால் நுனிகளைச் சட்டையோடு பட்டனால் பூட்டும் காலர் நல்லது. விறைப்பான அகலக் காலர் ஒருபக்கம் உள்ளே, ஒருபக்கம் வெளியே என்று நிற்கும்.

நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சட்டை விளிம்பு ஸ்வெட்டருக்குக் கீழே 2–3 செ.மீ. தெரிந்தால் அழகு. அதற்குமேல் இறங்கினால் அவசரத்தில் மாட்டிக்கொண்டு வந்தமாதிரி இருக்கும். சட்டை ஜாக்கெட்டைவிட நீளமாக இருக்கவே கூடாது. சட்டை கஃப் ஜாக்கெட் கைக்கு வெளியே ஒரு செ.மீ. போதும்.

நிறம் இரண்டு போதும். துணியின் இழை மாறட்டும். வழவழ சட்டை, பின்னல் ஸ்வெட்டர், வரிவரியான கார்டுராய் மேலங்கி. மூன்றுமே சொரசொரப்பாக இருந்தால் ஆள் பருமனாகத் தெரிவார். முழுக்கக் கறுப்பு ஒல்லியாகக் காட்டும் என்பார்கள். இழையும் ஒரேமாதிரி இருந்தால் மூன்று அடுக்கு போட்டதே தெரியாது, அவ்வளவுதான்.

எந்த அடுக்கைக் கழற்றினாலும் அடுத்தது வெளியே காட்டத் தகுந்ததாக இருக்கவேண்டும். பனியன் மாதிரி இல்லாமல், தனியாகப் போடக்கூடிய டீ-ஷர்ட்டாகவே வாங்குங்கள். கழற்றிய ஸ்வெட்டரை நாற்காலி முதுகில் மாட்டவேண்டாம், தோள் நீண்டுவிடும். மடித்துப் பையில் வையுங்கள்.