பெட்டியில வர்ற கட்டில், அலமாரி எத்தனை வருஷம் தாங்கும்? சனிக்கிழமைக்குள்ள வீடு மாறணும், உதவுங்க

புதுசா_வந்தவன்

வணக்கம். வர்ற சனிக்கிழமை சாயந்திரத்துக்குள்ள இந்த வீட்டைக் காலி பண்ணிக் குடுக்கணும். புது வீடு வெறும் வீடு. இங்க இருக்கிறது எல்லாமே பெட்டியில வந்து கையால பூட்டுற சாமான்தான்: டபுள் கட்டில், மூணு கதவு அலமாரி, புத்தக ஷெல்ஃப், நாலு டிராயர் வச்ச பெட்டி ஒண்ணு. அலமாரி ஒரு பக்கமா சாஞ்சு, கதவு ஒண்ணோட ஒண்ணு இடிக்குது. ஷெல்ஃப் பலகை நடுவுல தொங்குது. கட்டில்ல திரும்பிப் படுத்தாலே சத்தம். கழட்டிக் கொண்டுபோனா திரும்பப் பூட்ட வருமா, இல்ல போட்டுட்டுப் புதுசு வாங்கணுமா? மனைவிக்கு ஏழாம் மாசம், தரையில படுக்க வைக்க முடியாது. தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்கார்பரோ_திருகாணி

தம்பி, எந்த நாடு, என்ன மொடல், ஒண்டும் சொல்லேல்லை. பிள்ளை வரப்போகுது எண்டு மட்டும் விளங்குது. அப்ப முதல் வேலை டிராயர் பெட்டியைச் சுவரோட பூட்டுறது. 2016 ஜூனில ஐகியா எண்ட தளபாடக் கம்பனி அமெரிக்காவில மட்டும் ஏறத்தாழ 2 கோடியே 90 லட்சம் டிராயர் பெட்டியளைத் திருப்பி எடுக்கிறதா அறிவிச்சது, மால்ம் எண்ட மொடலும் அதுக்குள்ள. கனடாவிலயும் அதே நேரம். பிள்ளை டிராயரை இழுத்து அதில ஏறினா முழுப் பாரமும் முன்னுக்கு வந்து பெட்டி கவிழும்.

பெட்டிக்குள்ள சுவர்ப் பட்டி வரும், சுவருக்கான திருகாணி வராது, ஏனெண்டா சுவர் வீட்டுக்கு வீடு வேற. சுவருக்கு உள்ளுக்கு மரச்சட்டம் இருக்கிற இடத்தில நேரா ஏத்துங்கோ. ஜிப்சம் பலகை மட்டும் எண்டா பின்பக்கம் விரியிற ஆங்கர் போடுங்கோ. செங்கல் சுவருக்குப் போடுற பிளாஸ்டிக் பிளக் அதில நிக்காது.

கம்பளம் விரிச்ச அறை எண்டா இன்னொண்டு. சுவர் ஓரத்தில கம்பளத்துக்கு அடியில ஆணிப்பட்டி இருக்கும். அதில பின்பக்கம் ஏறி, பெட்டி முன்னுக்குச் சரிஞ்சு நிக்கும். முன்பக்க அடியில மெல்லிய ஆப்பு வைச்சு நிமித்திப்போட்டுப் பிறகு பட்டியைப் பூட்டுங்கோ.

கொண்டோ, அதாவது அடுக்குமாடி வீடு எண்டா லிஃப்டை இப்பவே பதிஞ்சு வையுங்கோ, சனிக்கிழமை கிடைக்கிறது கஷ்டம்.

பழையதே_போதும்

புதுசு வாங்காதீங்க தம்பி. முதல் ஆறு மாசம் பணம் எப்படிக் கரையும்னு வந்து பார்த்தவங்களுக்குத்தான் தெரியும். டெபாசிட், முதல் மாச வாடகை, குளிர் ஜாக்கெட், அதுக்கு மேல இதுவா? பழைய சாமானா எடுங்க, ஆனா பார்த்து எடுங்க. பலகையோட அடி விளிம்பைத் தடவிப் பாருங்க. புடைச்சிருந்தா தண்ணி குடிச்ச பலகை, அது திரும்பத் தட்டையாகவே ஆகாது. கதவுக் கீல் திருகாணியை விரலால ஆட்டிப் பாருங்க. கட்டில்னா சட்டத்துக்கு அடியிலயும் திருகாணி ஓட்டையிலயும் டார்ச் அடிச்சுக் கறுப்புப் புள்ளி இருக்கான்னு பாருங்க. இருந்தா அது மூட்டைப்பூச்சி, சும்மா குடுத்தாலும் வேண்டாம். பிரிட்டன்ல இருந்தா பழைய சோபா, மெத்தையில தீப்பாதுகாப்பு லேபிள் இருக்கணும்.

மரத்தூள்

கேட்டதுக்கு வருவோம். எத்தனை வருஷம்ங்கிறதை விட எத்தனை தடவை கழட்டினீங்கங்கிறதுதான் கணக்கு. ஒரே இடத்துல, ஈரம் படாம நிக்கிற ஷெல்ஃப் பத்துப் பதினைஞ்சு வருஷம் நிக்கும். அதையே மூணாவது தடவை கழட்டிப் பூட்டும்போது கையோட வரும். உள்ள இருக்கிறது மரச்சீவலைப் பசை போட்டு அழுத்தின பலகை, மேல மெலமைன் தோல். திருகாணி முதல் தடவை ஏறும்போது தனக்கு ஒரு மரை வெட்டிக்கும். வெளிய எடுத்துத் திரும்ப ஏத்தினா அந்த மரை உதிரும்.

அதனால எதைத் தொடக்கூடாதுன்னு தெரிஞ்சுக்கணும். வட்டமா 15 மில்லிமீட்டர்ல ஒரு உலோகப் பூட்டு இருக்கும், கேம் லாக். அதை இடப்பக்கமா அரைச்சுத்து திருப்பினா பலகை விட்டுடும். எதிர்ப்பலகையில நீட்டிட்டு நிக்கிற கேம் போல்ட்டைக் கழட்டாதீங்க, அப்படியே விட்டு நுனியில அட்டையைச் சுத்துங்க. கீல், டிராயர் தண்டவாளம் எதையும் பலகையில இருந்து எடுக்காதீங்க. கதவைக் கீலோட கிளிப்பை அழுத்திக் கழட்டலாம். ஸ்க்ரூடிரைவர் பொசிட்ரிவ் 2-ஆம் நம்பர். சாதாரண பிலிப்ஸ் போட்டா தலை வழுக்கி மழுங்கிடும். திரும்பப் பூட்டும்போது டிரில் மெஷின் வேண்டாம், கையாலயே இறுக்குங்க. மெஷின் கடைசிக் கால் சுத்துல மரையை அரைச்சுடும்.

சாயுற அலமாரிக்குப் பெரும்பாலும் முதுகுப் பலகைதான் காரணம். 3 மில்லிமீட்டர் அட்டைதானேன்னு நினைக்காதீங்க, சட்டம் சாயாம இழுத்துப் பிடிக்கிறது அதுதான். ஆணி விட்டுப்போச்சுன்னா சட்டம் சாயும், கதவு இடிக்கும். கீலை முறுக்கிச் சரிபண்ணப் பார்த்தா ரெண்டு வாரத்துல திரும்ப இடிக்கும். அலமாரியைக் குப்புறப் படுக்க வைச்சு, மூலைக்கு மூலை குறுக்கா ரெண்டு அளவும் ஒண்ணா வர்ற வரைக்கும் தள்ளி, பழைய ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு சென்டிமீட்டர் விட்டுப் புது ஆணி அடிங்க. ஆணிக்குப் பதிலா 3×15 மில்லிமீட்டர் சின்ன ஸ்க்ரூவும் வாஷரும் போட்டா அடுத்த தடவை கழட்டவும் சுலபம்.

ஃப்ராங்க்ஃபர்ட்_வாசி

எல்லா மரக்குச்சி மூட்டுக்கும் மரப்பசை போட்டு இறுக்குங்க. ஒட்டின மூட்டு ஆடவே ஆடாது. இங்க ஜெர்மனியில பல வாடகை வீட்டுல சமையல் மேடைகூட இருக்காது, அதையும் நாமதான் வாங்கிப் பூட்டணும். பசை இல்லாம எதுவும் நிக்காது.

மரத்தூள்

வீடு மாறப்போறவருக்குப் பசை வேண்டாங்க. அலமாரி, கட்டில், ஷெல்ஃப் மூணும் இன்னும் ரெண்டு மூணு வீடு பார்க்கும். ஒட்டிட்டா கழட்ட முடியாது, உடைக்கத்தான் முடியும். பசை போட வேண்டியது இழுக்கிற டிராயருக்கு மட்டும். அதோட அடிப்பலகை பள்ளத்துல சும்மா செருகி இருக்கும்; துணி பாரத்துல வளைஞ்சு வெளிய வந்துடும். டிராயரைக் கவிழ்த்துப் போட்டுப் பள்ளம் நெடுக ஒரு கோடு பசை விட்டு, ராத்திரி முழுக்கக் காய விடுங்க. இன்னொண்ணு, மரப்பசை தோல் ஒட்டாத வெறும் பலகையிலதான் பிடிக்கும், மெலமைன் தோல் மேல பிடிக்காது.

ஃப்ராங்க்ஃபர்ட்_வாசி

அது சரி. ஆனா சமையல் மேடைக்குப் பசை வேணும்னுதான் நான் இப்பவும் சொல்வேன்.

துணி_காயலை

பசையை விடுங்க, ஈரம்தான் எதிரி. குளிர்காலத்துல ஜன்னலைத் திறக்க முடியாது, துணி காயப்போட இடம் கிடையாது, வீட்டைச் சூடாக்குற ரேடியேட்டர் மேலதான் போடணும். அந்த ஈரம் எல்லாம் வெளிச்சுவர்ல போய் வேர்க்கும். அலமாரி சுவரை ஒட்டி நின்னா முதுகுல பூஞ்சை. வீட்டுக்காரர்கிட்ட சொன்னா ஜன்னலைத் திறந்து வைங்கன்னு சொல்வாங்க. திறந்தா கேஸ் பில்லை யார் கட்டுறது?

பழையதே_போதும்

இதேதான். டெலிவரிக்காரங்க வாசல்ல இறக்கிட்டுப் போயிடுவாங்க, மாடிக்குத் தூக்க ஆள் கிடையாது. ஊர்ல ஒரு போன் போட்டா தச்சர் வீட்டுக்கு வந்து செஞ்சுட்டுப் போவார். இங்க ஆள் கூப்பிட்டா மணிக்கணக்குக் கூலி சாமான் விலையைத் தாண்டும்.

ஸ்கார்பரோ_திருகாணி

இஞ்ச பிளைவுட்டில நல்ல கட்டில் எண்டு தேடினாலும் விலை கேட்டாத் தலை சுத்தும். சனம் வேற வழி இல்லாமத்தான் இதை வாங்குது.

குரோய்டன்_அக்கா

கொஞ்சம் நிறுத்துங்கப்பா, தம்பிக்கு நாலு நாள்தான் இருக்கு. தம்பி, எந்த ஊர்? இதுல எது உங்க சாமான், எது வீட்டோட வந்தது? புது வீடு எத்தனாவது மாடி?

புதுசா_வந்தவன்

மன்னிச்சுக்குங்க அக்கா, பதட்டத்துல விட்டுட்டேன். இங்கிலாந்துல லெஸ்டர். அலமாரியும் டிராயர் பெட்டியும் வீட்டுக்காரரோடது. கட்டிலும் ஷெல்ஃபும் எங்களது. புது வீடு ரெண்டாவது மாடி, படிக்கட்டு குறுகல். கட்டிலோட பக்கப்பலகையில போல்ட் போற ஓட்டை பெருசாயிடுச்சு, எவ்வளவு இறுக்கினாலும் சுத்திட்டே இருக்கு.

குரோய்டன்_அக்கா

அப்போ பாதி வேலை குறைஞ்சுது. அலமாரியையும் டிராயர் பெட்டியையும் தொடாதீங்க. கதவு இடிக்கிறதை, சாஞ்சிருக்கிறதை, பின்னாடி பூஞ்சை இருந்தா அதையும், தேதியோட போட்டோ எடுத்து இன்னைக்கே வீட்டுக்காரருக்கு ஈமெயில் அனுப்புங்க. குடி வந்தப்போ கையெழுத்துப் போட்ட சாமான் பட்டியலைத் தேடி எடுத்து வைங்க. பயன்படுத்தினதால வர்ற தேய்மானத்துக்கு டெபாசிட்ல பிடிக்கக் கூடாது. இங்கிலாந்துல அந்த டெபாசிட்டை வாங்கின 30 நாளுக்குள்ள அரசு அனுமதிச்ச மூணு காப்புத் திட்டத்துல ஒண்ணுல பதிவு செஞ்சிருக்கணும். தகராறு வந்தா அங்கேயே கட்டணம் இல்லாம முறையிடலாம்.

ஷெல்ஃபைக் கழட்டி எடுத்துட்டுப் போங்க. தொங்குற பலகையை மட்டும் தலைகீழாத் திருப்பிப் போடுங்க, கொஞ்ச நாள்ல நேராகும். திரும்பத் தொங்கக் கூடாதுன்னா பாரத்தைக் குறைக்கணும். ஐகியா பில்லி மாதிரி 80 சென்டிமீட்டர் பலகைக்கு 30 கிலோதான் அளவு; ஒரு மீட்டர் வரிசைப் புத்தகமே 20, 30 கிலோ வரும். அடுத்து வாங்கினா 40 சென்டிமீட்டர் அகலத்துல வாங்குங்க. நீளம் பாதியானா, அதே நெருக்கத்துல புத்தகம் அடுக்கினாலும் வளைவு பதினாறில் ஒரு பங்காயிடும்.

கட்டில்தான் முக்கியம். பசை, மரக்குச்சி வச்சு ஓட்டையை அடைச்சா ஒரு நாள் காயணும், உங்களுக்கு அந்த நேரம் இல்ல. இப்படிச் செய்யுங்க. ஹார்டுவேர் கடையில 100 மில்லிமீட்டர் எஃகு எல்-பிராக்கெட் நாலு, எம்6 (6 மில்லிமீட்டர்) போல்ட், நட், 30 மில்லிமீட்டர் அகல வாஷர் வாங்குங்க. பிராக்கெட்டோட ஓட்டைக்கு எம்6 போகுதான்னு கடையிலயே பாருங்க. தலைப்பலகையும் பக்கப்பலகையும் சேர்ற உள்மூலையில பிராக்கெட்டை வைங்க. பலகையில 6.5 மில்லிமீட்டர்ல முழுசாத் துளை போட்டு, போல்ட்டை வெளிப்பக்கத்துல இருந்து விட்டு, ரெண்டு பக்கமும் வாஷரோட இறுக்குங்க. மர ஸ்க்ரூ போடாதீங்க, அந்தப் பலகையில பிடுங்கிட்டு வரும். இன்னைக்கே வாங்கி வைங்க, புது வீட்டுல பூட்டும்போது போட்டுக்கலாம். கட்டில் வெளிப்பக்கம் போல்ட் தலை தெரியும், தெரியட்டும்.

சத்தத்துக்குத் தனியா ரெண்டு இடம் பாருங்க. நடுவுல நீளமா ஓடுற இரும்புச் சட்டம் ரெண்டு கொக்கியிலயும் முழுசா இறங்கி உட்கார்ந்திருக்கணும். குறுக்குச் சட்டங்கள் பக்கப்பலகையைத் தொடுற இடத்துல மெழுகுவத்தியைத் தேய்ங்க. ரெண்டு வாரம் கழிச்சு எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை இறுக்கணும்.

மெத்தை புதுசா வாங்குறதா இருந்தா கட்டிலை அளந்துட்டு வாங்குங்க. பிரிட்டிஷ் டபுள் 135×190, ஐரோப்பிய அளவு 140×200, ரெண்டும் சென்டிமீட்டர்ல.

புதுசா_வந்தவன்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி மரத்தூள், எல்லாருக்கும். புது வீட்டுக்கு ஐகியாவோட பாக்ஸ் (PAX) அலமாரி பார்த்து வச்சிருக்கேன், 236 சென்டிமீட்டர் உயரம். கூரை 240 இருக்கு. சரியா வருமா?

மரத்தூள்

நிக்கும், ஆனா தரையில படுக்க வச்சுப் பூட்டிட்டு நிமித்த முடியாது. 58 ஆழமுள்ளதுக்கு மூலைக்கு மூலை ஏறக்குறைய 243 வரும், கூரையில இடிக்கும். 201 உயரத்துல வர்றதை எடுங்க, அதுக்கு 210 போதும். வெளிச்சுவர்ல வைக்காம உள்சுவர்ல வைங்க, அதுவும் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியைத் தாங்குற மாதிரி சுவருக்கும் அலமாரிக்கும் நடுவுல ஒரு மரத்துண்டு வச்சு, பட்டியை அது வழியா பூட்டுங்க. சுவர்ல துளை போட வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே எழுத்துல கேட்டுடுங்க.